உறக்கத்தைப் படிக்கும் கணினி ஐயத்தையும் சொல்லட்டும்

“ராத்திரி முழுக்கக் கொட்டக் கொட்ட விழித்திருந்தேன்” என்று சொல்லி வருபவரை மருத்துவமனையில் ஓர் இரவு படுக்கவைத்து, தலையில் மின்வாய்களை ஒட்டிப் பரிசோதிக்கிறார்கள். மறுநாள் வரும் அறிக்கை, அவர் 6 மணி நேரம் தூங்கியதாகச் சொல்கிறது. உறக்க மருத்துவத்தில் இது புதிய காட்சி இல்லை. ‘முரண் தூக்கமின்மை’ என்று இதற்குத் தனிப் பெயரே உண்டு. நெடுங்காலம் இந்த வழக்கில் தீர்ப்பு அறிக்கையின் பக்கமே இருந்தது. கருவி பொய் சொல்லாது, நோயாளிதான் தன் தூக்கத்தைத் தப்பாகக் கணக்கிடுகிறார் என்றே கருதப்பட்டது. ஆனால், இத்தகையோரின் மூளை மின்பதிவுகளைக் கணினியில் இட்டு வேறொரு முறையில் அலசியபோது, அவர்கள் சொன்னதற்கு அந்தப் பதிவுகளுக்குள்ளேயே சாட்சி இருந்தது தெரியவந்தது. பதிவில் பிழையில்லை, அதைப் படித்த முறையில் அந்தச் சாட்சிக்கு இடமில்லாமல் இருந்தது. உறக்கத்தின்போது எழும் மூளை மின்னலைகளைப் படிக்கும் வேலை இன்று மனிதக் கண்ணிடமிருந்து கணினிக்கு வேகமாக மாறிவருகிறது. இந்த மாற்றம் வரவேற்கத்தக்கது. ஆனால், பழைய முறையின் கட்டங்களை மனப்பாடம் செய்து, அவற்றைப் பிழையற்ற உண்மைபோல் நொடியில் அச்சிட்டுத் தரும் கணினியால் பெரிய நன்மை விளையாது. எது தெளிவு, எது ஐயம் என்பதையும் சேர்த்துச் சொல்லும் கணினியே நோயாளிக்கு உதவும். அப்படிச் சொல்லும் திறன் அதற்கு ஏற்கெனவே வந்துவிட்டது என்பதால், இதைக் கேட்டு வாங்க வேண்டிய பொறுப்பு நமக்கு உண்டு.

அளக்கப்படுவது என்ன என்பதிலிருந்து தொடங்குவோம். மூளையின் மேற்புறணியில் ஏராளமான நரம்பணுக்கள் ஒரே தாளத்தில் இயங்கும்போது பிறக்கும் மின்னழுத்த மாற்றம், மண்டையோட்டையும் தோலையும் கடந்து தலையின் மேற்பரப்புக்கு வருகிறது. வந்து சேரும்போது அது மிகவும் மெலிந்திருக்கும். ஆழ்ந்த உறக்கத்தின் பேரலை என்று மருத்துவர்கள் ஏற்பதற்கு ஓர் அலை எட்ட வேண்டிய உயரமே 75 மைக்ரோவோல்ட்தான். டார்ச் விளக்கில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியோடு ஒப்பிட்டால் இது 20,000-இல் ஒரு பங்கு. இவ்வளவு மெல்லிய சமிக்ஞையைப் பிடிக்க, பரிசோதனைக்கூடத் தொழில்நுட்பர் அளவு நாடாவை எடுத்து மூக்கின் மேல் பள்ளத்திலிருந்து பின்மண்டை மேடு வரை அளக்கிறார். அந்த நீளத்தில் 10, 20 விழுக்காடு என்று பிரித்துக் குறியிடுகிறார். தோலைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பசை வைத்து, நெற்றி, உச்சி, பின்தலை ஆகிய இடங்களில் மின்வாய்களைப் பொருத்துகிறார். கண்ணோரங்களிலும் முகவாயிலும் தனியாகச் சில ஒட்டப்படும். மனித மூளையின் இந்த அலைகளை முதலில் பதிவுசெய்து 1929-இல் உலகுக்கு அறிவித்தவர், ஜெர்மனியின் யேனா நகரில் பணியாற்றிய மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். கண்ணை மூடி ஓய்ந்திருப்பவரின் பின்தலையில் வினாடிக்கு 8 முதல் 13 முறை எழுந்து அடங்கும் தாளத்துக்கு அவர் இட்ட ‘ஆல்ஃபா’ என்ற பெயரே இன்றும் வழங்குகிறது.

பெர்கருக்குப் பின் உறக்கத்தைப் பிரித்துப் பெயரிடும் முயற்சி தொடங்கியது. நியூயார்க் அருகே டக்ஸிடோ பார்க்கில் சொந்தமாக ஆய்வகம் நடத்திய ஆல்ஃபிரட் லூமிஸும் அவருடைய குழுவினரும் 1937-இல் உறக்கத்தை ஐந்து நிலைகளாகப் பிரித்தார்கள். 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மனும், மூடிய இமைக்குள் விழிகள் விரைந்து ஓடும் ‘ரெம்’ உறக்கத்தை அடையாளம் கண்டார்கள். ஆளுக்கொரு விதமாகப் பெயரிட்டுக்கொண்டிருந்த ஆய்வாளர்களை ஒரே விதிக்குள் கொண்டுவந்தது, ஆலன் ரெக்ட்ஷாஃபனும் அந்தோணி கேல்ஸும் 1968-இல் தொகுத்த கையேடு. அன்று அலைகளைப் பேனா முனைகள் ஓடும் காகிதத்தில் வரைந்தன. காகிதம் வினாடிக்கு 10 மில்லிமீட்டர் நகரும். 30 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு பக்கத்தில் 30 வினாடிப் பதிவு அடங்கும். 8 மணி நேர உறக்கத்துக்கு 960 பக்கங்கள், 288 மீட்டர் காகிதம். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நிலையின் பெயரை இடுவதுதான் தொழில்நுட்பரின் வேலை. 2007-இல் அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் புதிய கையேட்டை வெளியிட்டு, பழைய மூன்றாம், நான்காம் நிலைகளை ஒன்றாக்கியது. விழிப்பு, என்1, என்2, என்3, ரெம் என்று இன்று ஐந்து பெயர்கள். காகிதமும் பேனாவும் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பரிசோதனைக்கூடத்தில் ‘எபாக்’ என்று சொல்லப்படும் அந்த 30 வினாடிப் பக்கம் மட்டும் மாறவில்லை. மூளைக்கு 30 வினாடி என்ற கணக்கு எதுவும் கிடையாது. அது காகிதத்தின் அகலம் தந்த கணக்கு.

அப்படியொரு பக்கத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். இடது ஓரத்தில் ஆல்ஃபா அலைகள் சீப்பின் பற்களைப் போல நெருக்கமாக நிற்கின்றன. கண் மூடியிருக்கிறது, ஆள் விழித்திருக்கிறார். பக்கத்தின் நடுவை நெருங்கும்போது பற்கள் உதிர்ந்ததுபோல ஆல்ஃபா மறைந்து, சிறிய, ஒழுங்கற்ற, சற்றே மெதுவான அலைகள் வருகின்றன. கண்ணுக்குரிய கோடுகளில், விழிகள் இடமும் வலமும் மெல்ல உருள்வது தெரிகிறது. விழிப்பு 14 வினாடி, இந்தக் கலக்கம் 16 வினாடி. பாதிக்கு மேல் எது நிறைந்திருக்கிறதோ அதன் பெயரே பக்கம் முழுமைக்கும் என்பது விதி. ஆகவே 30 வினாடியும் ‘என்1’ என்று எழுதப்படும். விழிப்பு இன்னும் 2 வினாடி நீடித்திருந்தால் முழுப் பக்கமும் விழிப்பாகியிருக்கும். ஆழ்ந்த உறக்கமான என்3-க்கு வேறு விதி: பக்கத்தில் 20 விழுக்காடு, அதாவது 6 வினாடி, மெதுவான பேரலைகள் இருக்க வேண்டும். 5 வினாடி இருந்தால் அது என்2. அந்த அலைகளின் உயரமும் 75 மைக்ரோவோல்டைத் தாண்ட வேண்டும். 70 வரை வந்த அலை கணக்கில் சேராது. வயது ஏற ஏற இந்தப் பேரலைகளின் உயரம் குறைகிறது. முதியவரின் மூளையில் அதே மெதுவான தாளம் தொடர்ந்தாலும், உயரம் கோட்டுக்குக் கீழே இறங்கியதும் அவருடைய அறிக்கையில் ஆழ்ந்த உறக்கம் காணாமல்போய்விடும். உண்மையில் உறக்கம் எவ்வளவு மெலிந்தது, அளவுகோல் எவ்வளவைக் கழித்துவிட்டது என்று அந்த அறிக்கையை வைத்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. தமிழில் கண்ணயர்வது வேறு, கோழித்தூக்கம் வேறு, அரைத்தூக்கம் வேறு, அசந்து தூங்குவது வேறு, அடித்துப்போட்டாற்போல் தூங்குவது வேறு. இத்தனை சொற்கள் இருப்பதே, உறக்கம் படிப்படியாக இறங்கி ஏறுவது என்பதை மக்கள் அறிந்திருந்ததால்தான். ஐந்து பெட்டிகளில் அந்தச் சரிவு அடங்காது.

பெட்டிகள் பொருந்தாத இடத்தில், அவற்றை நிரப்புகிறவர்களும் வேறுபடத்தான் செய்வார்கள். அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் நடத்திய ஒப்பீட்டுத் திட்டத்தில் 2,500-க்கும் மேற்பட்ட தொழில்நுட்பர்கள் ஒரே பதிவுகளுக்கு நிலை குறித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அனுபவம் மிக்கவர்கள். 2013-இல் வெளியான முடிவின்படி, பெரும்பான்மையோர் தந்த பெயரோடு ஒத்துப்போனது சராசரியாக 82.6 விழுக்காடு. ரெம் உறக்கத்தில் 90.5 விழுக்காடு வரை ஒற்றுமை இருந்தது. விழிப்புக்கும் உறக்கத்துக்கும் நடுவே நிற்கும் என்1-இல் அது 63 விழுக்காடாக இறங்கியது. இதை ஓர் இரவின் 960 பக்கங்களுக்குப் பொருத்திப் பார்த்தால், ஏறத்தாழ 167 பக்கங்கள், அதாவது ஒரு மணி நேரம் 20 நிமிடத்துக்கும் மேலான உறக்கம், யார் படிக்கிறார் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறக்கூடியது. இதைத் தொழில்நுட்பர்களின் கவனக்குறைவு என்று சொல்வது அநியாயம். இரவெல்லாம் கண்விழித்துப் பதிவு எடுத்து, அடுத்த நாள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் குறிப்பவர்கள் அவர்கள். தெளிவான பக்கத்தில் அவர்கள் ஒத்துப்போகிறார்கள், இரண்டுக்கும் நடுவிலான பக்கத்தில் பிரிகிறார்கள். அவர்களிடையே எழும் இந்த வேறுபாடே ஒரு தகவல்: இந்த இடத்தில் மூளை இரண்டு நிலைகளுக்கு நடுவில் இருக்கிறது என்று அது சொல்கிறது. ஆனால், நோயாளியின் கைக்கு வரும் அறிக்கையில் இதன் சுவடே இருப்பதில்லை. என்1 எத்தனை நிமிடம், என்2 எத்தனை நிமிடம் என்று தசமப் புள்ளி வரை துல்லியமாக எண்கள் அச்சாகியிருக்கும். அளவில் இல்லாத துல்லியம் அச்சில் மட்டும் இருக்கிறது.

மூளை அலைகளைக் கணக்கிட்டுப் படிக்கலாம் என்ற எண்ணம் புதிதாக வந்தது இல்லை. பெர்கரின் அறிவிப்பு வெளியான மூன்றே ஆண்டுகளில், 1932-இல், டீட்ஷ் என்பவர் சில சிறு பதிவுகளை ஃபூரியர் கணித முறையால் வெவ்வேறு தாளங்களாகப் பிரித்துக் காட்டினார். கலந்து ஒலிக்கும் மேளத்தையும் நாகஸ்வரத்தையும் தாளத்தையும் காது பிரித்துக் கேட்பதுபோல, கலந்து வரும் அலையில் எந்த வேகத்தின் பங்கு எவ்வளவு என்று எண்ணால் சொல்வது அந்த முறை. கையால் கணக்கிட்ட காலத்தில் இதைச் சில வினாடிப் பதிவுக்கு மேல் செய்வது கடினம். 1965-இல் கூலி, டூக்கி இருவரும் வெளியிட்ட விரைவு முறையும் கணினியும் சேர்ந்தே இதை இரவு முழுவதற்கும் செய்யக்கூடியதாக்கின. இன்றைய கருவி ஒரு மின்வாயிலிருந்து வினாடிக்குக் குறைந்தது 200 எண்களைப் பதிவுசெய்கிறது; 8 மணி நேரத்துக்கு 57 லட்சத்துக்கும் மேல். இதை அலசும்போதுதான், தொடக்கத்தில் சொன்ன நோயாளியின் சாட்சி வெளிப்பட்டது. 2002-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ கிரிஸ்டலும் உடன் ஆய்வாளர்களும், தாங்கள் தூங்கவில்லை என்று சொல்லியும் அறிக்கையில் தூங்கியதாகத் தெரிந்தவர்களின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். ரெம் அல்லாத உறக்கத்தில் அவர்களிடம் மெதுவான டெல்டா அலைகளின் பங்கு குறைந்தும், விழிப்போடு தொடர்புடைய வேக அலைகளின் பங்கு கூடியும் இருந்தன. பக்கத்தின் பெயர் உறக்கம். அதற்குள் விழிப்பின் தாளம் கலந்திருந்தது. தூக்கமின்மையால் வாடும் எல்லோரிடமும் இது ஒரே அளவில் தென்படுவதில்லை என்பது உண்மைதான். ஆயினும், ‘எல்லாம் உன் மனப்பிரமை’ என்று ஒருவரைத் திருப்பி அனுப்புவதற்கு அறிக்கை ஒன்றே போதும் என்ற நிலையை இந்தக் கண்டுபிடிப்பு அசைத்துவிட்டது.

இதைவிட வலுவான சான்று நார்கோலெப்ஸி என்ற நோயிலிருந்து வருகிறது. விழிப்பைத் தாங்கிப்பிடிக்கும் ஹைபோகிரெடின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழிந்துபோவதால் இந்நோயின் முதல் வகை வருகிறது. பகலில் அடக்க முடியாத உறக்கம் தாக்கும். சிரிக்கும்போதோ வியக்கும்போதோ தசைகள் திடீரென்று தளர்ந்து ஆள் சரியக்கூடும். இதை உறுதிசெய்ய வழக்கமாக ஓர் இரவுப் பரிசோதனையும், மறுநாள் இரண்டு மணி நேர இடைவெளியில் நான்கைந்து முறை படுக்கவைத்து எவ்வளவு விரைவில் தூங்குகிறார் என்று பார்க்கும் பகல் பரிசோதனையும் தேவைப்படுகின்றன. 2018-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினரும் பிற நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு நரம்பணு வலைப்பின்னல் நிரலுக்குச் சுமார் 3,000 இரவுகளின் பதிவுகளைக் கொடுத்துப் பயிற்றினார்கள். அந்த நிரலிடம் ஒரு பக்கத்துக்கு ஒரே பெயரை அவர்கள் கேட்கவில்லை. ஒவ்வொரு நேரத்திலும் விழிப்பாக இருக்க எவ்வளவு வாய்ப்பு, என்2-ஆக இருக்க எவ்வளவு, ரெம்மாக இருக்க எவ்வளவு என்று ஐந்துக்கும் பங்கிட்டுச் சொல்ல வைத்தார்கள். 70 பேரின் பதிவுகளை ஆறு நிபுணர்கள் படித்து எட்டிய பொதுக் கருத்தோடு ஒப்பிட்டபோது, நிரல் 87 விழுக்காடு ஒத்துப்போனது; அந்த ஆறு பேரில் தனியாக எவரும் அந்த அளவை எட்டவில்லை. 30 வினாடிக்குப் பதில் 5 வினாடித் துண்டுகளாகவும் அது நம்பகமாகப் படித்தது. இந்த ஆய்வில் மிக முக்கியமான செய்தி இனிதான் வருகிறது. நார்கோலெப்ஸி உள்ளவர்களிடம் நிலைகள் ஒன்றன்மேல் ஒன்று வழக்கத்துக்கு மாறாகப் படிகின்றன. விழிப்பும் ரெம்மும் ஒரே நேரத்தில் கலந்து தெரிகின்றன. இந்தக் கலப்பையே அடையாளமாக வைத்து, ஓர் இரவுப் பதிவிலிருந்து நோயுள்ளவர்களில் 91 விழுக்காட்டினரையும், நோயில்லாதவர்களில் 96 விழுக்காட்டினரையும் சரியாகப் பிரிக்க முடிந்தது. ஒரே பெயரிடும் வழக்கப்படி ஐயம் என்று ஒதுக்கப்பட்ட பகுதியில்தான் நோயின் தடம் இருந்திருக்கிறது. ஐயத்தை அழித்துவிட்டு அச்சிடும் அறிக்கை, நோயின் தடத்தையும் சேர்த்து அழித்துவிடக்கூடும்.

இங்கேதான் கவலை எழுகிறது. உறக்க நிலைகளைக் கணிக்கும் நிரல்கள் பற்றி ஏராளமான ஆய்வுக் கட்டுரைகள் வருகின்றன. அவற்றில் பல, மனிதர் இட்ட பெயரை எத்தனை விழுக்காடு திரும்பச் சொல்கிறோம் என்பதையே வெற்றியின் அளவாக வைத்திருக்கின்றன. மனிதர்களே சுமார் 83 விழுக்காடுதான் ஒத்துப்போகிறார்கள் என்னும்போது, ஒரே மனிதரின் குறிப்பை வைத்து 90-ஐத் தாண்டியதாகச் சொல்லும் நிரல், உறக்கத்தைக் கற்றதைவிட அந்த மனிதரின் கைவாகைக் கற்றிருக்கவே வாய்ப்பு அதிகம். இத்துறையில் மிகப் பரவலாகப் பயன்படும் பொதுத் தரவுத் தொகுப்பு ‘ஸ்லீப்-ஈடிஎஃப்’. அதன் பெரும்பகுதி 1987 முதல் 1991 வரை எடுக்கப்பட்டது. உறக்கத்துக்கான மருந்து எதுவும் உட்கொள்ளாத, உடல்நலமுள்ள வெள்ளையினத்தவரின் பதிவுகள் அவை. நிலைகள் 1968-ஆம் ஆண்டுக் கையேட்டின்படி குறிக்கப்பட்டவை. காகிதக் காலத்து விதியை, நோயில்லாத ஒரு பிரிவு மக்களிடம் கற்றுத் தேர்ந்த நிரல், சர்க்கரை நோய்க்கும் மன அழுத்தத்துக்கும் மருந்து எடுத்துக்கொள்ளும் 65 வயதுப் பெண்மணியின் இரவைப் படிக்கும்போது எவ்வளவு சரியாகச் சொல்லும் என்பதை அந்தக் கட்டுரைகளின் விழுக்காட்டு எண்கள் தெரிவிக்க மாட்டா. இது கற்பனையான அச்சம் என்று தள்ளிவிடவும் முடியாது. விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை எடுத்துக்கொள்வோம். மறைந்திருக்கும் ஆக்சிஜன் குறைவை அது கறுப்பின நோயாளிகளிடம் வெள்ளையினத்தவரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டது என்று 2020-இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. பல பத்தாண்டுகள் எல்லோரும் நம்பிய எளிய கருவிக்கே இந்த நிலை.

இதற்கு எதிராக எழக்கூடிய வாதங்களை எடுத்துக்கொள்வோம். முதல் வாதம் உறக்க மருத்துவர்களுடையதே. ஐந்து நிலைகளும் 30 வினாடிப் பக்கமும் குறையுள்ளவைதாம். ஆனால், அரை நூற்றாண்டு ஆய்வுகள் அனைத்தும் இந்த மொழியில்தான் எழுதப்பட்டுள்ளன. மதுரையில் எடுத்த பதிவையும் மாஸ்கோவில் எடுத்த பதிவையும் ஒப்பிட முடிவது இந்தப் பொது விதியால்தான். அதைக் குலைத்தால் ஆளுக்கொரு அளவுகோல் என்ற பழைய குழப்பம் திரும்பிவிடாதா? நியாயமான கேள்வி. இங்கே வலியுறுத்தப்படுவது பொது விதியை நீக்க வேண்டும் என்பதில்லை. அதன் பக்கத்தில் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பதுதான். ஒவ்வொரு பக்கத்துக்கும் பெயர் இருக்கட்டும். அந்தப் பெயர் எவ்வளவு உறுதியானது என்ற அளவும் உடன் இருக்கட்டும். வாய்ப்புப் பங்கீட்டிலிருந்து ஐந்து பெயர்களை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஐந்து பெயர்களிலிருந்து வாய்ப்புப் பங்கீட்டை ஒருபோதும் மீட்க முடியாது. ஆகவே, விரிவான பதிவை வைத்திருப்பவர் பழைய ஆய்வுகளோடு ஒப்பிடும் வசதியை இழக்கப்போவதில்லை. கனடாவின் மேக்டி யூனஸ் உருவாக்கிய ஓர் அளவு, 3 வினாடிக்கு ஒரு முறை உறக்கத்தின் ஆழத்தை 0 முதல் 2.5 வரை தொடர் எண்ணாகத் தருகிறது. அது பழைய நிலைகளை ஒழித்துவிடவில்லை. ஒரே என்2-க்குள் ஒருவர் ஆழமாகவும் இன்னொருவர் மேலோட்டமாகவும் தூங்குவதைப் பிரித்துக் காட்டுகிறது.

இரண்டாவது வாதம், மருத்துவருக்குத் தேவை முடிவே தவிர ஐயப்பாட்டுப் பட்டியல் இல்லை என்பது. நோயாளியும், “எனக்கு இருக்கிறதா, இல்லையா?” என்றுதான் கேட்பார்; வாய்ப்பு, விழுக்காடு என்று பேசினால் குழம்பிப்போவார் என்கிறார்கள். ஆனால், முடிவு எடுக்க வேண்டிய இடத்தில்தான் ஐயத்தின் அளவு தெரிந்தாக வேண்டும். குறட்டையும் மூச்சுத் தடையும் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். உறக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்பதே இந்நோயின் அளவு. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரமானது, அதற்கு மேல் கடுமையானது. அவருக்கு ஓர் இரவில் 90 முறை தடை ஏற்பட்டதாக வைத்துக்கொள்வோம். படுக்கையில் இருந்த 8 மணி நேரத்தால் வகுத்தால் 11, லேசான நோய். மூளை அலைகளைப் பார்த்து, அவர் உண்மையில் தூங்கியது 5 மணி நேரம்தான் என்று தெரிந்தால் 18, நடுத்தர நோய். சிகிச்சையின் திசையே மாறக்கூடிய இந்த வேறுபாடு, எந்தப் பக்கத்துக்கு உறக்கம் என்று பெயரிட்டோம், எதற்கு விழிப்பு என்று பெயரிட்டோம் என்பதில் தொங்குகிறது. “அளவு 14, ஆனால் 12-க்கும் 17-க்கும் இடையில் இருக்கலாம்” என்று அறிக்கை சொன்னால், மருத்துவர் நோயாளியின் பகல் சோர்வையும் இரத்த அழுத்தத்தையும் கூடுதலாக விசாரித்து முடிவெடுப்பார். தேவையென்றால் இன்னோர் இரவு பதிவெடுக்கச் சொல்வார். “14” என்று மட்டும் சொன்னால், கோட்டுக்கு இந்தப் பக்கம் என்று கோப்பை மூடிவிடும் வாய்ப்பே அதிகம். மழைக்கு வாய்ப்பு 60 விழுக்காடு என்ற அறிவிப்பைக் கேட்டுக் குடை எடுப்பதா, நெல்லைக் காயப்போடுவதா என்று முடிவு செய்யும் மக்களுக்கு, தங்கள் உடலைப் பற்றிய வாய்ப்பைப் புரிந்துகொள்ள முடியாது என்று நினைக்கத் தேவையில்லை.

மூன்றாவது வாதம் நம் நாட்டின் நிலையிலிருந்து எழுகிறது. தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் இந்திய ஆய்வுகளைத் தொகுத்து 2023-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்தியப் பெரியவர்களில் சுமார் 11 விழுக்காட்டினருக்கு உறக்க மூச்சுத்தடை இருக்கிறது. வேலை செய்யும் வயதில் மட்டும் 10 கோடிக்கும் மேற்பட்டோர். முறையான உறக்கப் பரிசோதனைக்கூடங்களோ பெருநகரங்களில்தான் குவிந்திருக்கின்றன. பசித்தவனுக்கு முதலில் சோறு போடுங்கள், ருசி பிறகு பார்க்கலாம். குறையோடு இருந்தாலும் மலிவான தானியங்கிக் கருவிகள் முதலில் மாவட்டந்தோறும் வரட்டும் என்பது இந்த வாதம். இதில் உள்ள அவசரம் உண்மையானது, அதை மதிக்க வேண்டும். ஆனால், ஐயத்தைச் சேர்த்துச் சொல்வதால் கருவியின் விலை கூடுவதில்லை. நரம்பணு வலைப்பின்னல் நிரல் எதுவானாலும், ஒரு பெயரைச் சொல்வதற்கு முன் உள்ளுக்குள் வாய்ப்புகளைக் கணக்கிட்டுத்தான் சொல்கிறது; அச்சிடும்போதுதான் அது மறைக்கப்படுகிறது. இன்னும் சொல்லப்போனால், நிபுணர் குறைவான ஊருக்குத்தான் இது கூடுதலாகத் தேவை. 960 பக்கங்களில் உறுதியான 800-ஐக் கணினி முடித்துவிட்டு, ஐயமுள்ள 160-ஐ மட்டும் நிபுணருக்கு அனுப்பினால், நகரத்தில் உள்ள ஒரே நிபுணர் பல மாவட்டங்களின் பதிவுகளைப் பார்க்க முடியும். ஐயத்தை மறைக்கும் கருவி அவருக்கு இந்த உதவியைச் செய்யாது. எல்லாவற்றையும் நம்பு, அல்லது எல்லாவற்றையும் மறுபடி பார் என்ற இரண்டு வழிகளையே விட்டுவைக்கும். கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. அது அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்து உறக்கத்தை ஊகிக்கிறது. மூளையின் அலையை அது தொடுவதே இல்லை. தினசரிப் பழக்கத்தைக் கவனிக்க அது உதவலாம். நோயறிதலுக்கு அதை நம்பக் கூடாது.

நான்காவதாக, கணினி வந்தால் தொழில்நுட்பர்களின் வேலை போய்விடும் என்ற அச்சமும், உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாத பெட்டியை எப்படி நம்புவது என்ற தயக்கமும் சேர்ந்தே பேசப்படுகின்றன. இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. ஐந்து பெயர்களை மட்டும் உமிழும் பெட்டியைச் சோதிக்க வழியில்லை. அது தவறும்போது எச்சரிக்கையும் தராது. தன் உறுதியின் அளவைச் சொல்லும் நிரலைச் சோதிக்கலாம். அது 90 விழுக்காடு உறுதி என்று சொன்ன பக்கங்களில் உண்மையிலேயே நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிடலாம். இந்தச் சோதனையையும், ஐயமுள்ள பக்கங்களில் தீர்ப்பையும் செய்ய வேண்டியவர் அந்தத் தொழில்நுட்பரே. பசை உலர்ந்து மின்வாய் கழன்றதா, வியர்வையால் கோடு அலைந்ததா, நோயாளி பல்லைக் கடித்ததால் தசையின் மின்சாரம் மூளை அலைபோல் பதிவானதா என்பதையெல்லாம் இரவில் உடனிருந்து பார்த்தவர் அவர்தான். பக்கத்துக்குப் பக்கம் பெயரிடும் அலுப்பான வேலையிலிருந்து அவரை விடுவித்து, அவருடைய அனுபவம் தேவைப்படும் இடத்தில் உட்காரவைப்பதே இந்தத் தொழில்நுட்பத்தின் நேர்மையான பயன்.

செய்ய வேண்டியவை எட்டாத தொலைவில் இல்லை. 2020 ஏப்ரல் முதல் இந்தியாவில் மருத்துவ மென்பொருளும் மருத்துவக் கருவி என்ற வரையறைக்குள் வந்துவிட்டது. உறக்கப் பதிவைத் தானாகப் படிக்கும் எந்த நிரலுக்கும் அனுமதி தருமுன், முதியோர், மருந்து உட்கொள்வோர், பல நோய் உள்ளோர் அடங்கிய இந்திய நோயாளிகளிடம் அது எப்படிச் செயல்பட்டது என்ற விவரத்தை மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு கேட்க வேண்டும். நிலை வாரியான உறுதியின் அளவை அறிக்கையில் அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ், தில்லி எய்ம்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் போன்ற பொது நிறுவனங்கள் பல்லாண்டுகளாக இத்துறையில் பணியாற்றுகின்றன. நோயாளிகளின் சம்மதத்தோடு, அடையாளம் நீக்கி, பல நிபுணர்கள் தனித்தனியே குறித்த இந்தியப் பதிவுத் தொகுப்பு ஒன்றை அரசு நிதியில் அவை உருவாக்கினால், எந்த நிறுவனத்தின் நிரலையும் அதில் உரசிப் பார்க்கலாம். நிபுணர்களின் கருத்து வேறுபாட்டையும் அந்தத் தொகுப்பில் அப்படியே வைத்திருக்க வேண்டும். சம்மதம் என்பது இங்கே சடங்காக இருக்கக் கூடாது. ஒருவரின் உறக்க அலைகளிலிருந்து வயதையும் நோயையும் கணிக்கும் முயற்சிகள் வளர்ந்துவருகின்றன. சிலி நாடு 2021-இல் மூளைத் தகவலின் பாதுகாப்பை அரசமைப்பிலேயே சேர்த்தது. 2023-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரு முன்னாள் செனட்டரின் மூளைப் பதிவை நீக்குமாறு ஒரு நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. நம்முடைய 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உணர்திறன் மிக்க தகவல் என்ற தனி வகையே இல்லை. ஆகவே, பதிவைப் பொது ஆய்வுக்குத் தருபவரின் நம்பிக்கையைக் காக்கும் பொறுப்பை நிறுவனங்களே கூடுதலாக ஏற்க வேண்டும். பரிசோதனை செய்துகொண்டவருக்கு முழு மின்பதிவின் பிரதியும் கிடைக்க வேண்டும். எக்ஸ்ரே படத்தைக் கையில் கொடுக்கிறோம். உறக்கப் பதிவுக்கு மட்டும் சுருக்கம் போதும் என்பதற்குக் காரணம் எதுவுமில்லை. நாளை மேம்பட்ட முறை வரும்போது அதே பதிவை மறுபடி படிக்கலாம். ஐந்து பெயர்களை மறுபடி படித்துப் பயனில்லை.

காகிதத்தில் அலை வரைந்த தலைமுறை, தன் கையில் இருந்த கருவியைக் கொண்டு செய்யக்கூடியதைச் சிறப்பாகவே செய்தது. 960 பக்கங்களைக் கண்ணால் புரட்டியவர்களுக்கு ஒரு பக்கத்துக்கு ஒரு பெயரே சாத்தியமாக இருந்தது. அந்த வரம்பு இன்று நமக்கு இல்லை. இருந்தும் அதே வரம்புக்குள் கணினியை அடைத்து, அதன் வேகத்தை மட்டும் வாங்கிக்கொண்டால், தூங்கவில்லை என்று சொல்பவரை இன்னும் விரைவாகத் திருப்பி அனுப்பும் ஏற்பாடாகவே அது முடியும். உங்கள் வீட்டில் யாருக்காவது உறக்கப் பரிசோதனை செய்ய நேர்ந்தால், அறிக்கையை வாங்கும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இதை யார் படித்தார், மனிதரா, கணினியா, இருவருமா? இதில் எந்தப் பகுதி உறுதியானது, எந்தப் பகுதி ஐயத்துக்குரியது? இரண்டாவது கேள்விக்குப் பதில் தரும் திறன் கணினிக்கு ஏற்கெனவே உண்டு. கேட்பவர்கள் பெருகினால் அறிக்கையிலும் அந்தப் பதில் அச்சாகும்.